வீட்டுத் தோட்டம்: முதலில் தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆனி மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீட்டுத் தோட்டம்". தலைப்பைக் கேட்டதும் பின்னால் உட்கார்ந்திருக்கிற சிலர் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தலைப்பில் நான் ஒரு பயிற்சி கொடுத்தேன். அது என்ன ஆச்சு என்பதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. சார்ட் பேப்பரில் கலர் பென்சிலால் கட்டம் கட்டமாகத் தோட்டம் வரைந்து கொண்டுவந்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே படம். குழுவின் பொது நிதியிலிருந்து வீட்டுக்கு 400 ரூபாய் வீதம் 20 வீட்டுக்கு 8,000 ரூபாய் கடன் எடுத்து விதை, பூவாளி, வலை எல்லாம் வாங்கினோம். மூணே மாதத்தில் 20 தோட்டத்தில் 17 காய்ந்துபோச்சு. ஆனால் அந்த 17 பேரும் கடனை வட்டியோடு கட்டி முடித்தார்கள். தோட்டம் போச்சு, தவணை மட்டும் மிச்சம்.

மீதி மூணு தோட்டம் மட்டும் எப்படிப் பிழைத்தது? போய்ப் பார்த்தேன். மூணு பேருமே என் படத்தைப் பின்பற்றவில்லை! அதில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ படம் போட்டியே, தண்ணி எங்கிருந்து வரும்னு போட்டியா? ரெண்டு தெரு தள்ளிக் குழாயில இருந்து குடம் தூக்கிட்டு வர்றவ, உன் கத்தரிச் செடிக்குத் தனியா ஒரு குடம் தூக்குவாளா?" என்று கேட்டார். அவர் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியிலேயே செடி வைத்திருந்தார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நமக்கு ஏன் தோட்டம்?

நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்கு காய்கறிப் பஞ்சமா? ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய் போகுது. அந்தக் காயைப் பறிக்கிறது யார்? நம்ம உறுப்பினர்கள்தான். பறித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன சாப்பிடுகிறோம்? ரசமும் ஊறுகாயும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கு. அதாவது 20 பேர் உள்ள ஒரு குழுவில் ஏறக்குறைய 11 பேர். தலைசுற்றல், மூச்சு வாங்குவது, படி ஏறினால் படபடப்பு. இதையெல்லாம் "வேலை அலுப்பு" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறோம்.

இன்னொரு விஷயம் மருந்து. மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சி மருந்தைக் காய்கறியில் அடிக்கவே கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டது. தடை இருக்கிற மருந்தோ இல்லாத மருந்தோ, அடித்த மறுநாளே காய் பறிக்கப் போகிறவர்கள் நாம். கை எரிச்சல், கண் எரிச்சல் உங்களுக்குத் தெரியாததா? கூலி வேலையில் நம் இஷ்டப்படி நடக்காது. நம் கொல்லைப்புறத்திலாவது விஷம் இல்லாமல் நாலு செடி வளர்க்க முடியும்.

படம் வரைவதற்கு முன்னால்

பேப்பரை எடுக்காதீங்க. ஒருநாள் முழுக்க வீட்டைச் சுற்றி மூணு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, தண்ணீர். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர் எங்கே போய் நிற்குது? ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் குடத்தால் அளந்து பார்த்தோம். தெருவில் வீணாகப் போனது மட்டும் நாளுக்கு ஏழு குடம். அதுதான் உங்கள் தோட்டத்தின் கிணறு.

இரண்டு, வெயில். காய்க்கிற செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை நம்ம ஊரில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். அதனால் முருங்கை, பப்பாளி, அகத்தி மாதிரி உயரமானதை வடக்கு ஓரத்தில் வையுங்கள். தெற்கில் வைத்தால் அதன் நிழல் மற்ற செடிகளை வளரவிடாது. முருங்கையைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க, கம்பளிப்புழு வீட்டுக்குள் வந்துவிடும்.

மூன்று, உங்கள் கால் நடமாட்டம். தினமும் நீங்கள் போய்வருகிற பாதைக்குப் பக்கத்தில் கீரையும் கறிவேப்பிலையும் இருக்கட்டும். கண்ணில் படுகிற செடிதான் பிழைக்கும்.

கழிவு நீரை எப்படிப் பயன்படுத்துவது?

தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் அடுப்புக் கரி, அதற்கும் மேல் மணல். இதில் இறங்கி வருகிற தண்ணீரை முதலில் வாழை, சேம்பு, கல்வாழைக்கு விடுங்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் இவற்றுக்கு மட்டும்தான். கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடுகிற காய்க்கும் கழிவு நீர் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இதைக் கீரைக்கு ஊற்றுங்கள். எங்கேயும் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கொசு, கொசு வந்தால் டெங்கு. பதினைந்து நாளைக்கு ஒருதரம் குழியின் மேல் மணலைக் கிளறி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

அரை சென்ட் போதும்

பத்தடி அகலம், இருபதடி நீளம் இருந்தால் அது ஏறக்குறைய அரை சென்ட். வடக்கு ஓரத்தில் மூன்றடி மரங்களுக்கு விட்டுவிடுங்கள். மீதியில் மூன்றடி அகலத்தில் நாலு பாத்தி, நடுவில் ஒரு அடி நடைபாதை. மூன்றடி என்றால் இரண்டு பக்கமும் நின்றே கை எட்டும், பாத்தியை மிதிக்க வேண்டாம்.

முதல் பாத்தியில் கீரை. மூன்றாகப் பிரித்து பத்து நாளைக்கு ஒரு துண்டு விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம், அதனால் மாதம் முழுக்க கீரை இருக்கும். இரண்டாவதில் கத்தரி, தக்காளி, மிளகாய். மூன்றாவதில் வெண்டை, கொத்தவரை. நாலாவதில் சின்ன வெங்காயம், முள்ளங்கி. அடுத்த பட்டத்தில் பாத்தியை மாற்றிப் போடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் நோயும் அங்கேயே தங்கிவிடும். அவரை, புடலை, பீர்க்கை வேலியில் ஏற்றுங்கள். ஓரத்தில் செண்டுப்பூ வையுங்கள். வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் கிடைக்கும்.

சருகைக் கொளுத்தாதீங்க. செடியைச் சுற்றி மூடாக்குப் போட்டால் பாதித் தண்ணீர் வேலை குறையும். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். அரைக் கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து சாயங்காலம் தெளியுங்கள். இப்போது வேப்பம்பழம் உதிர்கிற காலம். இந்த மாதமே பொறுக்கிக் காயவைத்து எடுத்துவையுங்கள்.

இடமே இல்லை என்கிறவர்களுக்கு? பழைய சாக்கு, உடைந்த குடம் எதிலும் கத்தரியும் கீரையும் வரும். அடியில் ஓட்டை மட்டும் இருக்க வேண்டும்.

முதல் தட்டு யாருக்கு?

சகோதரிகளே, ஒன்று கேட்கிறேன். நல்லா விளைந்த காயை விற்றுவிடுவோம். மீதியைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைப்போம். சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது நமக்கு. இப்படியே இருந்தால் தோட்டம் போட்டும் ரத்தம் ஊறாது. வாரத்தில் நாலு நாளாவது கீரை உங்கள் தட்டிலும் இருக்க வேண்டும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடுக்கும். ரத்தசோகை இருக்கிறவர்கள் கீரையை மட்டும் நம்பாமல் சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள்.

இந்தத் தடவை கடன் வேண்டாம்

இன்னும் சில வாரத்தில் ஆடி பிறக்குது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னது உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை பொது நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். பணத்தைச் சேமிக்கிற நாம் விதையையும் சேமிக்கலாம். அடுத்த வாரக் கூட்டத்துக்கு சந்தாவோடு ஆளுக்கு ஒரு கைப்பிடி நாட்டு விதை கொண்டுவாருங்கள். சாம்பலில் புரட்டிக் காய்ந்த டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அறுவடையில் இரண்டு கைப்பிடியாகத் திருப்பித் தர வேண்டும். இதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். நமக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தரவா வேண்டும்?

கடைசியாக, தோட்டம் காய்ந்துபோன அந்த 17 வீட்டு அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சோம்பலாக இருந்ததால் அது காயவில்லை. நான் கேட்காமல் படம் போட்டதால் காய்ந்தது. வருகிற திங்கள் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வருகிறேன். இந்தத் தடவை சார்ட் பேப்பர் கிடையாது. நீங்கள் முன்னால் நடங்கள், தண்ணீர் போகிற வழியைக் காட்டுங்கள். நான் மண்வெட்டியோடு பின்னால் வருகிறேன்.