மண்டபம் யாருடையது?

(மாவட்டக் காரியாலயத்தில் நடந்த மாதர் குழுக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் நமது கூரையின் கீழ் உட்கார்ந்து பேசுகிறோம். நம் பாட்டன் பாட்டி காலத்தில் இது நடக்காத காரியம். நிலமும் லயமும் கம்பனியுடையவை. சங்கக்காரர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும் தோட்டத்தில் அல்ல, ஹட்டன் நகரில்தான். கூடிப் பேச ஓர் இடம் இல்லாமல் சங்கம் இல்லை.

இதை நமக்கு முன்பே உணர்ந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் தொழிலாளர்கள். 1856 ஏப்ரல் 21ஆம் திகதி அங்குள்ள கல்தச்சர்கள் பல்கலைக்கழகக் கட்டட வேலையைப் போட்டுவிட்டு, பாராளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். சம்பளம் குறையாமல் எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். வென்றதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தாங்களே பணம் திரட்டி, 1859இல் தங்களுக்கென்று ஓர் எளிய மண்டபத்தைத் திறந்தார்கள். கூட்டம் கூடவும் படிக்கவும் அதுவே இடமானது. 1874 தொடக்கம் அதே இடத்தில் பெரிய கட்டடம் பகுதி பகுதியாக எழுந்தது. இன்றும் அங்கே சங்கங்கள் இயங்குகின்றன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1882 டிசம்பரில் அந்நகரத்துத் தையல் பெண்கள், உருப்படிக் கூலியைக் குறைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மண்டபத்தின் ஆதரவோடு தங்கள் சங்கத்தையும் அமைத்தார்கள். 1884இல் பெண் தொழிலாளருக்கென்றே பக்கத்தில் தனி மண்டபம் எழுந்தது. அந்தப் பெண்கள் மண்டபம் 1960இல் இடிக்கப்பட்டது. பெரிய மண்டபம் மட்டும் நிற்கிறது.

சகோதரிகளே, இதை ஏன் சொல்கிறோம்? கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள். மாதாமாதம் உங்கள் சம்பளத்திலும் சந்தா பிடிபடுகிறது. இந்தக் கூரைத் தகரத்தில் உங்கள் கூலி இருக்கிறது. ஆனால் கூட்டம் என்றால் நீங்கள் கடைசி வரிசை. தேநீர் ஊற்றுவதும் நீங்கள். இருட்டிய பிறகு கூட்டம் வைத்தது நாங்கள்தான். அடுப்பையும் பிள்ளையையும் விட்டு யார் வருவார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அது எங்கள் பிழை.

ஆகவே இரண்டு விடயங்களை இன்று உங்கள் முன் வைக்கிறோம். இனி கூட்டம் ஞாயிறு காலையில் நடக்கட்டும். சம்பளப் பேச்சுக்கு முன் நடக்கும் கூட்டங்களில் முதலில் பேசுவது மாதர் குழுவாக இருக்கட்டும். சரியென்றால் கையை உயர்த்துங்கள். தவறென்றால் எழுந்து சொல்லுங்கள்.

மண்டபம் நம்முடையது என்று சாவி வைத்திருப்பவர் சொன்னால் போதாது. பின்வரிசையில் இருப்பவரும் சொல்ல வேண்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!