சுவரும் பாறையும்

பனி பெய்யும் நாடுகளில் பாறை ஏறுவோரை உள்ளரங்கில் அடைப்பது குளிர்காலம், பெங்களூரிலோ மழைக்காலம். கயிறின்றிக் குறைந்த உயரப் பாறைகளில் ஏறும் இவ்விளையாட்டு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. மழை மாதங்களில் செயற்கைச் சுவரில் பழகிய நாம், மார்கழி பிறந்ததும் மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ ரயிலில் வஜ்ரஹள்ளி சென்று, துரஹள்ளிக் காட்டுப் பாறைகளை அடைந்தோம்.

நாற்பதைக் கடந்தும் கர்வம் குறையவில்லை. முதற்பாறையிலேயே கால் வழுக்கிற்று. மெத்தையின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் வீங்கிற்று. காரணம் யாது? சுவரில் வண்ணப் பிடிகள் கைக்கு வழி கூறுகின்றன. பாறை எதுவும் கூறுவதில்லை. அதன் சொரசொரப்பை நம்பிக் காலூன்ற நாம் பழகவில்லை. அங்கே தரை முழுதும் மெத்தை. இங்கே விழுமிடம் அறிந்து நாமே விரித்தல் வேண்டும்.

புத்தகத்தில் கன்னடம் கற்று, எட்டாவது குறுக்குச் சாலைச் சந்தையில் வாயடைத்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. பூக்காரி திருத்தத் திருத்தவே அன்று நமக்குப் பேச்சு வந்தது.

ஆகவே, திரும்பிச் செல்வோர் எளிய பாறையில் தொடங்குக. வியர்த்த கை வழுக்குமாதலால் குளிர்ந்த காலையே நன்று. ஈரப் பாறையை விடுக. ஏறுமுன் இறங்கும் வழியைக் காண்க. தசை விரைவில் வலுப்பெறும். விரல்களின் தசைநாண்கள் மெல்லவே வலுப்பெறும் என்பதையும் மறவற்க.

வீக்கம் வடிந்தபின் மீண்டும் சென்றோம். தோளுயரப் பாறையொன்றில் தொடங்கினோம். கால் நின்றது.