பத்தமடைக் கல்யாணப் பாய்
(மகளிர் குழுக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தாமிரபரணிக் கரையில் விளையும் கோரை, பத்தமடையில் துணிபோல் மடிக்கத்தக்க பாயாகிறது. கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் ஊடையாகக் கோத்து நெய்கின்றனர்.

இப்பாய்களுள் சிறந்தது கல்யாணப் பாய். அதன் அழகு ஓரத்து வண்ணக் கோடுகளோடு முடிவதன்று. மணமக்களின் பெயரும் மணநாளும் அதில் எழுத்தாகின்றன. அவை அச்சிட்டவை அல்ல. வண்ணக் கோரையை இழையிழையாக எண்ணிக் கோத்தவை. வேறொரு தம்பதிக்கு அப்பாய் பொருந்தாது. அதுவே அதன் பொருள். நெய்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அப்பாயில் அமரும் மணமக்களோ எல்லாச் சமயத்தினரும் ஆவர். ஒரு வீட்டுப் பெண்ணின் உழைப்பு மற்றொரு வீட்டின் மங்கலமாகிறது.

பிளாஸ்டிக் பாய் மலிவுதான். ஆயினும் அது நம் பெயரை அறியாது. பெயர் நெய்யக் காலம் வேண்டும். முகூர்த்தத்திற்கு நான்கு நாள் இருக்கையில் கேட்டால், நெசவாளியால் இயலாது. நாமும் கடைப்பாயோடு திரும்புவோம். ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்தவுடனேயே பாய்க்குச் சொல்லிவைப்போம். கோரை வாங்க முன்பணமும் கொடுப்போம். குழுக்கள் தத்தம் ஊர்த் திருமணங்களைக் கேட்டறிந்து, பெயர்களைப் பிழையற எழுதி நெசவாளியிடம் சேர்ப்பின், தறி ஓயாது, தொழிலும் நிலைக்கும்.