பாஸ்க் நாட்டு நண்பர் கழகம்



வேதியியல் கற்பிக்கும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஒருநாள் வகுப்பில் தனிமங்களின் குறியீடுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, டங்ஸ்டன் என்னும் பெயரில் 'டபிள்யூ' என்ற எழுத்தே இல்லையே, அதன் குறியீடு மட்டும் ஏன் 'டபிள்யூ' ஆயிற்று?" என்று வினவினான். "வோல்ஃபிராம் என்று அதற்கு மற்றொரு பெயர் உண்டு" என்று கூறி அவனை அமரச் சொன்னேன். அவன் அமரவில்லை. "அந்தப் பெயரை வைத்தவர் யார், ஐயா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அன்று மனம் வரவில்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அவனை அடக்கிவிட்டேன். அது பிழை என்பது மாலையில் வீடு திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உறுத்தலால் நூல்களைத் தேடத் தொடங்கினேன். தேடிய வழி ஏதேனும் பெரிய பல்கலைக்கழகத்தில் சென்று முடியும் என்று எண்ணியிருந்தேன். அதுவோ, ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் ஒரு சிற்றூரில், நண்பர் சிலர் மாலைதோறும் கூடிப் பேசிய ஒரு கூடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அவ்வூரின் பெயர் அஸ்கோயிட்டியா. பாஸ்க் மக்கள் வாழும் கிபுஸ்கோவா மாநிலத்தில், மலைகளுக்கிடையே அமைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அங்கே முனிபே என்னும் இளம் பிரபு ஒருவர் வாழ்ந்தார். பென்யாபுளோரிடா என்பது அவருடைய பட்டப்பெயர். பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் கல்வி கற்றுத் திரும்பிய அவருக்கு, ஊரில் பேசுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. சிற்றூர்ச் செல்வர் கூடுமிடத்தில் வழக்கமாக நடப்பவை சீட்டாட்டமும் சிற்றுண்டியும் வீண்பேச்சுமே அல்லவா? அவரும் அவருடைய நண்பர்களும் அப்பேச்சுக்கே ஒரு முறை வகுத்தனர். திங்கட்கிழமை கணிதம்; செவ்வாய் இயற்பியல்; புதன் வரலாறு; வியாழன் இசை; வெள்ளி புவியியல்; சனி நாட்டு நடப்பு; ஞாயிறு மீண்டும் இசை. வாரத்தில் இரு நாளை இசைக்கு ஒதுக்கியவர்கள் வறண்ட மனிதர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நண்பர்களுள் ஒருவர் அல்டுனா. இத்தாலியப் பயணத்தில் அவர் ரூசோவோடு நெருங்கிப் பழகினார். ரூசோ தம் வாழ்க்கை வரலாற்றில் அவரை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். வெளியுலகம் இத்தகைய வழிகளில்தான் அம்மலையூருக்குள் புகுந்தது. 1758-இல் இஸ்லா என்னும் புகழ்பெற்ற பாதிரியார் புதிய இயற்பியலைத் தம் நூலொன்றில் எள்ளி நகையாடியபோது, இந்நண்பர்கள் புனைபெயரில் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட தலைப்பு, 'குறை கூறும் கிராமத்தார்' என்று பொருள்படுவது.

1764-ஆம் ஆண்டு பெர்காரா என்னும் பக்கத்து ஊரில் ஒரு திருவிழா நடந்தது. அதற்கெனப் பென்யாபுளோரிடாவே ஓர் இசை நாடகம் இயற்றினார். பேச்சு ஸ்பானிய மொழியிலும் பாட்டு பாஸ்க் மொழியிலும் அமைந்த அந்நாடகத்தை நடத்துவதற்குப் பல ஊர் நண்பர்கள் ஒன்றுகூடினர். விழா முடிந்தது, பிரிந்து செல்ல அவர்களுக்கு மனமில்லை. நிலையான கழகம் ஒன்று அமைப்பதென அவ்வாண்டே முடிவு செய்தனர். மறு ஆண்டு மன்னர் மூன்றாம் கார்லோசின் அரசு இசைவளித்தது. 'பாஸ்க் நாட்டு நண்பர்கள் கழகம்' என்பது அதன் பெயர். அலாவா, பிஸ்காயா, கிபுஸ்கோவா என்னும் மூன்று மாநிலங்களைக் குறிக்கும் மூன்று கைகள் கோத்து நிற்பது அதன் முத்திரை. 'மூன்றும் ஒன்றே' என்னும் பொருள்பட இரு பாஸ்க் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன.

அரசாங்கம் கட்டளையிட்டு உண்டான நிறுவனம் அன்று இது. உறுப்பினர் தத்தம் பையிலிருந்து சந்தா செலுத்தினர். உழவு, பயன்படு கலைகள், வணிகம், வரலாறும் இலக்கியமும் என வேலையைப் பகுத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடி, ஆய்ந்தவற்றின் சுருக்கத்தை அச்சிட்டு வெளியிட்டனர். தச்சரும் கொல்லரும் தம் தொழிலுக்குத் தேவையான வரைபடம் கற்க இலவசப் பள்ளிகள் திறந்தனர். இவையெல்லாவற்றிலும் பெரிய செயல், 1776-இல் பெர்காராவில் அவர்கள் நிறுவிய கல்விக்கூடமாகும். ஏசு சபையினர் 1767-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டதால் வெறுமையாகக் கிடந்த கட்டடம் இதற்குக் கிடைத்தது. அங்குப் படித்த மாணவர்களுக்கென்றே, கழகத்தைச் சேர்ந்த கவிஞர் சமனியேகோ நீதிக்கதைகளைப் பாட்டாக எழுதினார். 1781-இல் வெளியான அக்கதைகளை ஸ்பானியக் குழந்தைகள் இன்றும் படிக்கின்றனர்.

அக்கல்விக்கூடத்தில் வேதியியல் கற்பிக்கப் பிரான்சிலிருந்து ஓர் இளைஞர் 1778-இல் வந்தார். அவர் பெயர் புரூஸ்ட். மாறா விகித விதியைப் படிக்கும்போது அப்பெயரை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அங்குக் கற்பித்த ஷபனோ என்பவரே, பின்னர் 1786-இல் பிளாட்டினத்தைத் தகடாக அடிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தவர்.

இனி, என் மாணவன் கேட்ட வினாவுக்கு வருகிறேன். எலூயார் குடும்பத்தில் இரு உடன்பிறந்தார் இருந்தனர். மூத்தவர் ஹுவான் ஹோசே, இளையவர் பௌஸ்தோ. இருவரும் ஜெர்மனியிலுள்ள ஃபிரைபர்க் சுரங்கக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். இளையவர் பெர்காராவில் ஆசிரியராக வேண்டியவர். மூத்தவரின் பயணத்துக்கோ வேறொரு நோக்கமும் இருந்தது. பிற நாட்டினர் பீரங்கி வார்க்கும் நுட்பத்தை மறைவாக அறிந்துவரும்படி ஸ்பெயின் கடற்படை அமைச்சகம் அவருக்குச் செலவு கொடுத்திருந்தது! அவரோ சுவீடனுக்குச் சென்று, பெர்க்மன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் பயின்றார். மருந்துக்கடை நடத்திவந்த பேரறிஞர் ஷேலேயையும் கண்டார். டங்ஸ்டன் என்று சுவீடன் மக்கள் அழைத்த ஒரு கனிமத்திலிருந்து புதிய அமிலம் ஒன்றை ஷேலே 1781-இல் பிரித்திருந்தார். 'கனமான கல்' என்பது அச்சொல்லின் பொருள். அமிலம் கிடைத்தது, அதனுள் இருந்த உலோகம் கிடைக்கவில்லை.

ஹுவான் ஹோசே ஊர் திரும்பினார். 1783-இல் அண்ணனும் தம்பியும் பெர்காரா ஆய்வுக்கூடத்தில் வோல்ஃபிராம் என்னும் வேறொரு கனிமத்தை எடுத்துக்கொண்டனர். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் வெறுத்த கனிமம் அது. வெள்ளீயத்தை உருக்கும்போது இது கலந்திருந்தால் ஈயம் குறைந்துபோகும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல ஈயத்தைத் தின்கிறது என்று கருதியே ஓநாயின் பெயரை அதற்கு இட்டனர். அதிலும் ஷேலே கண்ட அதே அமிலம் இருப்பதைச் சகோதரர் இருவரும் காட்டினர். அவ்வமிலத்தை மரக்கரியோடு சேர்த்து, மூடிய மண்மூசையில் இட்டுக் கடுமையாகச் சூடேற்றினர். ஆறிய பின் உடைத்துப் பார்த்தபோது, சிறு சிறு உலோக மணிகள் கிடைத்தன. தாம் கண்டதைக் கழகத்தின் முன் படித்தனர். கழகம் தன் வெளியீட்டில் அச்சிட்டது. உலோகத்துக்கு வோல்ஃபிராம் என்ற பெயரையே வழங்கினர். உலோகங்கள் அனைத்திலும் மிக உயர்ந்த உருகுநிலை, ஏறத்தாழ 3,400 பாகை செல்சியஸ், அதற்கு உரியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கம்பியாக இழுக்கும் வழி கண்ட பின்னர், மின்விளக்கின் இழையாகவும் வானொலிப் பெட்டியின் வால்வுகளிலும் அது உலகெங்கும் பரவியது.

இக்கழகத்தைப் புகழ மட்டும் நான் வரவில்லை. பெர்காராக் கல்விக்கூடம் பெரும்பாலும் உயர்குடிப் பிள்ளைகளுக்கே பயன்பட்டது. பெண்களுக்கென விட்டோரியா நகரில் ஒரு பள்ளி அமைக்கக் கழகத்தார் விரிவான திட்டம் தீட்டினர். அது தாளோடு நின்றது. பொருளுதவி செய்தவருள் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் செல்வம் சேர்த்தவர் பலர். அச்செல்வத்துக்காக உழைத்து மெலிந்த மக்களைப் பற்றி எந்தக் கிழமையிலும் பேச்சு நடந்ததாக நான் படித்ததில்லை.

கழகத்தைப் பார்த்து, 1775-இல் மாட்ரிடிலும், 1781-இல் தொலைவிலுள்ள மணிலாவிலும், இன்னும் பல ஊர்களிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. மூலக்கழகமோ தளர்ந்தது. பென்யாபுளோரிடா 1785-இல் மறைந்தார். எலூயார் சகோதரர் இருவரையும் அரசு கடல்கடந்த சுரங்கங்களுக்கு அனுப்பியது. பௌஸ்தோ மெக்சிகோவில் பெயர்பெற்ற சுரங்கக் கல்லூரி கண்டார். மூத்தவர் இன்றைய கொலம்பியாவில், 1796-இல், உரிய புகழ் எய்தாமலே இறந்தார். 1794-இல் பிரெஞ்சுப் படை பெர்காராவுக்குள் புகவே கல்விக்கூடம் மூடப்பட்டது. அடுத்து வந்த போர்களில் கழகமும் அழிந்தது. 1943-இல் அதற்குப் புத்துயிர் அளித்தனர். இன்றும் அது இயங்கி வருகிறது.

2005-இல் அனைத்துலக வேதியியல் சங்கம் தன் பெயர் விதிநூலில் டங்ஸ்டன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வோல்ஃபிராமை நீக்கிவிட்டது. கண்டுபிடித்தவர் இட்ட பெயரை நீக்குதல் முறையோ என்று ஸ்பானிய வேதியியலார் எதிர்த்து எழுதினர். பெயர் திரும்பவில்லை. 'டபிள்யூ' என்னும் குறியீட்டில் எவரும் கைவைக்கவில்லை.

என் மாணவன் அந்த ஆண்டே படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். அதன்பின் நான் அவனைக் காணவில்லை. எங்கேனும் ஒரு வானொலிப் பெட்டியின் அருகே அவன் இருப்பானாயின், நான் அன்று கொடுத்திருக்க வேண்டிய விடை இதுதான்.