நகைப் பெட்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் பி.காம். படித்தவன். அறிவியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பாதிக்கு மேல் நகைக்கடன் கவுண்டரில் போயிற்று. அங்கே பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு ஜூன் மாதம். பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர், மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட ஐந்து பவுன் சங்கிலியைக் கொண்டு வந்தார். எங்கள் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்தார், அமிலம் விட்டார், மறுபடியும் தேய்த்தார். "18 கேரட்தான் நிக்குதுங்க" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, எங்கம்மா கண்ணாலத்துக்குப் போட்டதுங்க. இருபத்திரண்டுன்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க" என்றார்.

கணக்குப் பாருங்கள். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். 22 கேரட்டாக இருந்தால் அதில் சுத்தத் தங்கம் 36.67 கிராம். 18 கேரட் என்றால் 30 கிராம். கேட்ட தொகை வரவில்லை. மீதிக்குக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஏமாற்று நடந்தது என்றைக்கோ. தெரிந்தது மட்டும் அவசரமாகப் பணம் வேண்டிய அன்றைக்கு. அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் வீட்டுத் தங்கம் என்ன தரம், என்ன மதிப்பு என்பதைத் தேவை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஆர்க்கிமிடிஸ் தொட்டியில் இறங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தத்துவம்தான் இது. தங்கம் மிகக் கனமான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம். அதே அளவு சுத்தத் தங்கம் 19.3 கிராம். வெள்ளி 10.5, செம்பு 8.9, பித்தளை 8.5 அளவில் இருக்கும். 22 கேரட் நகை 17.5 முதல் 18 வரை, 18 கேரட் 15 முதல் 16 வரை.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வேண்டும். முதலில் நகையை எடை போட்டு எழுதிக் கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண், நகை விலக்கிய தண்ணீரின் எடை. நகையின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

உதாரணமாக, இரண்டு பவுன் வளையல், 16 கிராம். தராசு 0.90 காட்டினால் 17.8 வரும், 22 கேரட்டுக்குப் பொருத்தம். 1.05 காட்டினால் 15.2, அது 18 கேரட் கணக்கு. 1.88 காட்டினால் 8.5, பித்தளைக்கு முலாம் பூசியிருக்கிறார்கள்.

சங்கிலிக் கண்ணிகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, நகையை மெதுவாக அசைத்து எடுங்கள். மூன்று முறை செய்து சராசரி பாருங்கள். ஒரு கிராம், இரண்டு கிராம் மோதிரத்துக்கு இந்தத் தராசு போதாது. கல், முத்து பதித்தது, அரக்கு அடைத்தது, உள்ளே கூடாக இருப்பது ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. முத்தையும் அரக்கையும் நனைக்கவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, கிட்டத்தட்ட தங்கமேதான். கட்டியின் உள்ளே அதை வைத்து மேலே தங்கம் பூசினால் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துவிடும். மெல்லிய சங்கிலியாக அதை இழுப்பது கடினம். அதனால் தெரியாத ஆளிடம் கட்டியாகத் தங்கம் வாங்கவே வாங்காதீர்கள்.

மற்ற சோதனைகள்

காந்தத்தை நம்ப வேண்டாம். செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. நல்ல நகையிலும் கொக்கிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங் ஒட்டும், பயப்பட வேண்டாம். உரைகல் நல்ல முறைதான், ஆனால் அதற்குப் பழகிய கண் வேண்டும். கடைகளில் இருக்கும் கேரட் மீட்டர் எக்ஸ்ரே கதிரை வைத்து நொடியில் சொல்லும். ஆனால் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். கனமான முலாம் அதையும் ஏமாற்றும்.

பழைய நகையில் தரம் குறைந்தால் உடனே கொடுத்தவர்மேல் கோபப்படாதீர்கள். கண்ணிகளைப் பற்ற வைக்கப் பட்டறையில் பொடி வைத்து ஊதுவார்கள். அந்தப் பொடியில் தங்கம் குறைவு. பற்று அதிகம் இருந்தால் மொத்தத் தரமும் இறங்கும். பாட்டி போட்ட நகைக்காக இன்றைக்குச் சம்பந்தி வீட்டோடு சண்டை வேண்டாமுங்க.

முத்திரையைப் பாருங்கள்

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகையைக் கடைக்காரர் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் சின்னம், தரம் (22 கேரட்டுக்கு 916), எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயம் இல்லை.

எண் இருப்பது மட்டும் போதாது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். தரமும், அது என்ன நகை என்பதும் வரும். உங்கள் கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் கடைக்காரரைக் கேளுங்கள். கேடிஎம் என்ற முத்திரை ஹால்மார்க் அல்ல. அது காட்மியம் கலந்த பற்றைக் குறித்தது. அதன் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுக்கும்.

முத்திரை இல்லாத பழைய நகை போலி என்று அர்த்தமில்லை. பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டி நீங்களே பரிசோதித்து அறிக்கை வாங்கலாம்.

மதிப்பு என்ன?

கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். 16 கிராம் வளையல் 1,60,000. சேதாரம் 12 சதவீதம், 19,200. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 5,376. நீங்கள் கொடுப்பது 1,84,576. மறுநாளே அதே விலையில் விற்றாலும் தங்கத்துக்கு உரிய 1,60,000-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கல் இருந்தால் அதன் எடையும் கழியும். ஆகவே சேதாரத்தைப் பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

அடகு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் நகையைப் பரிசோதிக்க வேண்டும். எடை, தரம், கழிவு எல்லாம் எழுதிய சான்றும் தர வேண்டும். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம்தான் உச்சவரம்பு. சான்றைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு நகைக்கும் எடை, அடர்த்தி, ஹெச்யுஐடி எண், வாங்கிய வருடம் எல்லாம் எழுதுங்கள். பில்லையும் போட்டோவையும் கூடவே வையுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரிய வேண்டும். எடை போடத் தராசு இல்லாதவர்கள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தராசும் டம்ளரும் தயாராக இருக்கும், காபியும் உண்டுங்க.