மோட்டார் சைக்கிளுக்கும் ஓர் ஆசிரியர்

சைக்கிள் விட உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டு மாமா என்று யாரேனும் ஒருவரைச் சொல்லிவிடுவீர்கள். இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் எல்லாருடைய நினைவிலும் இருப்பார். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை வேறு விதமாக இருக்கும். "நானே கற்றுக்கொண்டேன்" என்போம். அப்படிச் சொல்லும்போது குரலில் சற்றுப் பெருமிதமும் கலந்திருக்கும். அந்தப் பெருமிதம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையையும், பிறகு நான் கற்ற பாடத்தையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1998ஆம் ஆண்டு. கல்லூரியில் இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் நானும் என் நண்பனும் ஒரே வண்டியில் கொல்லிமலைக்குச் சென்றோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆகாய கங்கை அருவியில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு மாலையில் மலை இறங்கினோம். ஓட்டியவன் நான். வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் சற்று வேகமாகவே நுழைந்துவிட்டேன். பாதையின் இடது ஓரத்திலிருந்த தடுப்புச் சுவர் கண்ணில் பட்டது. அதில் மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்தேன். நான் பார்த்த திசையிலேயே வண்டியும் சென்றது. அச்சத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது, இருவரும் விழுந்தோம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நண்பனுக்குக் கால் எலும்பு முறிந்தது. கல்லூரிக் கபடிக் குழுவில் ஆடிவந்தவன், அதன் பிறகு களத்தில் இறங்கவே இல்லை. அவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அன்று என் சட்டைப் பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதிகாரி முன்னிலையில் எட்டுப் போட்டுக் காட்டி முறையாகப் பெற்ற உரிமந்தான். எட்டுப் போடுவதை நான் இகழவில்லை. மெதுவாகச் செல்லும் வண்டியை நிலை குலையாமல் திருப்பும் திறமையை அது காட்டுகிறது. ஆனால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது குறுக்கே ஓர் ஆடு ஓடிவந்தால் நாம் என்ன செய்வோம் என்பதை அது காட்டுவதில்லை.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதத்தினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று அந்த அறிக்கை கூறிற்று. முறையாகப் பயின்றவர்கள் ஊரில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணை எடைபோட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே அறிக்கையிலுள்ள மற்றொரு செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஆபத்தைக் கண்டு தப்பிப்பதற்கு ஓட்டியவருக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் யோசித்து முடிவு செய்ய இயலாது. கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். ஆகவே கைக்கு எதைப் பழக்குவது, யாரிடம் பழக்குவது என்பதே கேள்வி.

பதினெட்டு வயது நிரம்பிப் பழகுநர் உரிமம் பெற்றவுடன் ஒரு பயிற்சி வகுப்பைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், நேரில் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர்? ஓட்டுவதை ஒருவர் கூர்ந்து பார்த்து, "உன் தோள் இறுகியிருக்கிறது, கண் கீழே பார்க்கிறது" என்று உடனே திருத்தினால்தான் அது பயிற்சி. ஓர் ஆசிரியர் முப்பது பேரை மேய்த்தால் அது வெறும் கூட்டம். இரண்டாவது: வண்டியின் மேல் எவ்வளவு நேரம்? வகுப்பறையில் படம் போட்டு விளக்குவது அவசியந்தான்; ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூன்றாவது கேள்விதான் தலையாயது: பிரேக் பிடிக்கப் பழக்குகிறீர்களா?

நம்மில் பலர் முன் பிரேக்கைத் தொட்டாலே தூக்கி எறிந்துவிடும் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறோம். உண்மை என்ன? வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையை அழுந்தப் பற்றுகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பட்டென்று பிடிப்பதே தவறு. முதலில் மெல்லத் தொட்டு, பாரம் முன்னே வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே இதைச் செய்து முடித்துவிட்டு, அதன் பிறகு வளைவில் நுழைய வேண்டும். அன்று நான் செய்தது இதற்கு நேர்மாறானது.

உங்கள் பௌதிகப் பாடத்தைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை செயற்பட ஒரு வினாடி ஆகிறது என்றும், பிறகு வண்டியின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவர் நிற்க ஏறக்குறைய 21 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டருக்கு 40 மீட்டர். 80 கிலோமீட்டருக்கு 63 மீட்டர். வேகம் இரு மடங்கானால் தூரம் மூன்று மடங்காகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். என்ற கருவி கட்டாயமாக இருந்து வருகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஆனால் நாம் வீணாக்கிய மீட்டர்களைத் திருப்பித் தர அதனால் ஆகாது.

இந்த அடிப்படைகளைப் பயின்று, சில ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் ஓட்டிய பிறகு, பந்தயத் தடத்தில் ஒரு நாள் பயிற்சி பெறுவது நல்லது. பந்தயம் என்றதும் பெற்றோர் கலங்குவார்கள். நான் சொல்வது போட்டியை அன்று. தடத்தை ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களை வைத்து நடத்தும் வகுப்பைச் சொல்லுகிறேன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் 1990இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் 2003 முதல் ஒரு தடம் இருக்கிறது.

நான் இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது. காலையில் என் வண்டியின் டயர், செயின், பிரேக் கட்டைகள் எல்லாவற்றையும் சோதித்தார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின் மேல் நாடா ஒட்டச் சொன்னார்கள். மஞ்சள் கொடிக்கு எச்சரிக்கை, சிவப்புக் கொடிக்கு ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று கற்பித்தார்கள். அனுபவத்துக்கு ஏற்பக் குழு பிரித்து, இருபது நிமிடம் ஓட்டம், பிறகு ஆசிரியரோடு உரையாடல் என்று மாறி மாறி நடந்தது. எதிரே வண்டி வராது, மாடு வராது, மணல் கிடக்காது. ஆகவே கவனம் முழுவதையும் ஒரே பாடத்தில் செலுத்த முடிந்தது.

அந்தப் பாடம் என் கண்ணைப் பற்றியது. "வளைவுக்குள் வரும்போது நீங்கள் தடத்தின் ஓரத்தைப் பார்க்கிறீர்கள். வெளியேறும் இடத்தைப் பாருங்கள்" என்றார் ஆசிரியர். மறு சுற்றில் அப்படியே செய்தேன். வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினேன்; வண்டி வலப்பக்கம் சாய்ந்து, நான் பார்த்த இடத்துக்கே சென்றது. ஹெல்மெட்டுக்குள் என் கண்கள் கலங்கின. இந்த ஒரு வாக்கியத்தை 1998இல் யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றிற்று.

தடப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். சுற்றுக்கு எத்தனை வினாடி என்று புகழ் பாடும் இடத்தைவிட, புதியவருக்குத் தனிக் குழுவும், முந்திச் செல்லுவதற்குக் கண்டிப்பான விதியும், வாயிலில் ஆம்புலன்ஸும் உள்ள இடமே மேலானது. தோல் உடை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் ஆகியவை இன்றி உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தை நம்பலாம். வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அதில் விலக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தடத்தில் கற்ற வேகத்தைத் தடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு எடுத்து வர வேண்டியவை பார்வையும் நிதானமுமே.

அந்தப் பயிற்சிக்குச் சில மாதங்களுக்குப் பின், அதே நண்பனிடம், "கொல்லிமலைக்கு வருகிறாயா?" என்று தயங்கியபடி கேட்டேன். அவன் சிரித்தான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது அந்தப் பழைய வளைவு வந்தது. அவன் கை என் தோளை இறுகப் பற்றியதை உணர்ந்தேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன்; சுவரை விட்டு, பாதை திரும்பிச் செல்லும் இடத்தைப் பார்த்தேன். வண்டி அமைதியாகத் திரும்பியது. அடுத்த வளைவு வருவதற்குள் அவன் பிடி தளர்ந்திருந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் பின்னால் ஒரு தங்கையோ, ஒரு தோழனோ, வயதான தாயோ நம்பி உட்காரும் நாள் வரும். அந்த நாளுக்கு முன் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிச் செல்லுங்கள். "நானே கற்றுக்கொண்டேன்" என்று சொல்லுவதைவிட, "இன்னாரிடம் கற்றேன்" என்று சொல்லுவதில் குறைவு ஒன்றும் இல்லை.