செம்பாசியின் நிறம் கூறும் செய்தி



மன்னார்த் தீவின் கரையில் அலை ஒதுக்கிய செம்பாசியை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிவப்பாய்க் கிடந்தது பச்சையாகும், மஞ்சளாகும், ஈற்றில் வெளுத்துப்போகும். சிறுவயதில் அதைக் காலால் எற்றி விளையாடிய நாம், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலப் புகுந்த பின்னரே அதன் காரணத்தை அறிந்தோம்.

செம்பாசியிலும் பச்சையம் உண்டு. அதனை மறைத்து நிற்பது பைக்கோஎரித்திரின் என்னும் சிவப்பு நிறப்பொருள். கரையில் செத்த பாசியில் இது முதலில் சிதைவதால் உள்ளிருந்த பச்சை வெளிப்படுகின்றது.

கடல்நீர் செவ்வொளியை விரைவில் விழுங்கிவிடும். ஆழத்துக்கு எட்டுவது பச்சையும் நீலமுமான ஒளியே. பச்சையம் நன்கு பற்றாத பச்சை ஒளியை இச்சிவப்புப் பொருள் பற்றி, அதனிடமே ஒப்படைக்கின்றது. 1984ஆம் ஆண்டில் பகாமாசுத் தீவுகளருகே 268 மீற்றர் ஆழத்திலும் ஒரு செம்பாசி வாழக் கண்டனர் என்றால் வியப்பன்றோ!

ஆயினும் இந்நிறம் நிலையானதன்று. ஒளி குறைந்த இடத்தில் பாசி சிவப்பைப் பெருக்கும். வெயில் கொளுத்தும் ஆழமற்ற நீரில் குறைக்கும். மேலும், இப்பொருள் நைதரசன் செறிந்த புரதம். நீரில் நைதரசன் அருகினால், பஞ்சத்தில் விதைநெல்லைக் குற்றி உண்ணும் கமக்காரனைப்போல, பாசி தன் நிறத்தையே உடைத்து உண்டு வெளிறும்.

இதனை இங்கு பேசுவானேன்? மன்னார் உட்பட வடபகுதிக் கரைகளிலே கப்பாபைக்கஸ் என்னும் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உள. கபிலமாகவோ பச்சையாகவோ தோன்றினும் அதுவும் செம்பாசி இனமே. நீரின் வெப்பம் 33 முதல் 35 பாகைவரை ஏறினாலும், மாரி வெள்ளம் கலந்து உப்பு ஆயிரத்துக்கு 20 பங்காக இறங்கினாலும் அது நலிவடையும். நலிந்த பாசியிற் பற்றீரியா புகும். கிளைகள் வெளுத்து, மென்மையாகி, முறிந்து கடலோடு போய்விடும். பல வார உழைப்பும் அதனுடன் போகும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். பாசி முழுவதும் ஒரேசீராக வெளிறினால் வெயிலோ பசியோ காரணமாகலாம். கயிற்றைச் சற்றுத் தாழ்த்தலாம், நீரோட்டமுள்ள இடத்துக்கு மாற்றலாம். கிளைகளில் வெள்ளைத் துண்டுகள் தோன்றினாலோ நோய் வந்துவிட்டது. அவற்றை உடனே நறுக்கிக் கரைசேர்க்க வேண்டும்.

காற்றையும் நீரோட்டத்தையும் நம் பெரியோர் அறிவர். வெப்பமானியைப் பார்க்க இளைஞராகிய நாம் அறிவோம். விடுமுறையில் வெறுங்கையோடு கரைக்குச் செல்லாது, குறிப்பேடொன்றையும் கொண்டு செல்வோம். நாள், நீரின் வெப்பம், மழை, பாசியின் நிறம் ஆகிய நான்கையும் வாடையிலும் சோளகத்திலும் தவறாது எழுதிவைப்போம். ஈராண்டில் அக்குறிப்பேடு கயிறு கட்டும் தாய்மார்க்கு வழிகாட்டியாகும். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.